கடைசி நோயாளி குணமாகும்வரை

1

போன வாரம் குடியுரிமை நேர்காணலுக்குப் போயிருந்தேன். ஜெனீவாவுக்கு வந்து இத்தனை வருடம் கழித்து, இனி நான் இந்த ஊர்க்காரியாக ஆகலாமா கூடாதா என்று அவர்கள் உட்காரவைத்துக் கேட்கிற நாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மரியாதையானவர். என்னை "மதாம் காதர்" என்று கூப்பிட்டார். காதர் என் வாப்பா. தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்றும் கிடையாது என்று இந்த நாட்டு அலுவலகங்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் வாப்பா பெயரைக் கூப்பிட்டால் நானே எழுந்து நிற்கிறேன்.

"இந்த நாட்டுக்கு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"மேற்படிப்புக்கு. சர்வதேச உறவுகள் படிக்க."

அவர் தாள்களைப் புரட்டினார். "நீங்கள் டாக்டர் அல்லவா? டாக்டருக்கு எதற்கு அந்தப் படிப்பு?"

"நோய்க்கு நாட்டு எல்லை தெரியாது, மதாம்" என்றேன். இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். அவருக்குப் பிடித்துவிட்டது. எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து டிராமுக்கு நின்றபோது உம்மாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. தாராவி வீட்டில் பாத்திஹா ஓதி முடித்து, அண்டா நிறைய நெய்ச்சோறு. அன்று என் ஜமீலா லாத்தாவின் நினைவு நாள். எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம். படத்தைப் பார்த்தபடி அந்த அம்மாளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பழிவாங்க வந்தேன்.

மும்பையிலிருந்து மருத்துவ மாணவர்கள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். மருத்துவத்தோடு சர்வதேச உறவுகளும் படித்தால் எதிர்காலம் எப்படி, உலகச் சுகாதாரத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்கும். அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் நிறைய உண்டு. என் காரணம் அவற்றில் ஒன்று அல்ல. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

ஜமீலா லாத்தாவை மும்பையிலேயே கோவண்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். வாய்த்துடுக்கு அதிகம். ரிக்‌ஷாக்காரர்களோடு பம்பாய் இந்தியில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, இறங்கியதும் திருநெல்வேலித் தமிழில் அவர்களுக்காகப் பரிதாபப்படுவாள். "பாவம்ளா, வெயில்ல கெடந்து வண்டி ஓட்டுதான்."

அவளுக்குக் காசநோய் வந்தபோது நான் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடத்தில் இருந்தேன். சாதாரண மருந்துகளுக்கு அடங்காத காசநோய். அதற்கு அப்போது கொடுத்த ஊசிகள் அவளுடைய காதைப் பறித்துவிட்டன. நாங்கள் சிரித்து முடித்த பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு மருத்துவ அமைப்பு ஒன்று கோவண்டியில் கிளினிக் திறந்தது. பெயர் வேண்டாம். புதிதாக வந்திருந்த மருந்து ஒன்றைத் தனி அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்தார்கள். கிளினிக்கின் தலைவர் டாக்டர் ஆந்த்ரே, ஜெனீவாக்காரர். நல்ல மருத்துவர். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். முகமூடியோடு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அவருக்குத் தெரிந்த இந்தி, எல்லாம் சரியா என்று கேட்கிற "டீக் ஹை?" மட்டும்தான். லாத்தா அது என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூக்கை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, அதே மாதிரி "டீக் ஹை?" என்று சொல்லிக் காட்டுவாள். புது மருந்து தொடங்கிய சில மாதங்களில் அவளுக்கு எடை கூடியது. கன்னம் வந்தது. மறுபடியும் சண்டை போடத் தொடங்கினாள். காது கேட்காததால் இப்போது எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்தாள்.

ஒரு நாள் நோயாளிகளை எல்லாம் கிளினிக்கில் கூட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஆந்த்ரே ஆங்கிலத்தில் பேசினார். செவிலி இந்தியில் மொழிபெயர்த்தாள். திட்டம் முடிகிறது, எல்லோரையும் மாநகராட்சி மருத்துவமனைக்கு ஒப்படைக்கிறோம், கவலைப்பட வேண்டாம்.

லாத்தா என் கையைச் சுரண்டினாள். "என்னளா சொல்லுதாரு?"

அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். "போறாராம்" என்றேன்.

"எப்ப வருவாராம்?"

"வரமாட்டாராம்."

"அப்ப மருந்து?"

கூட்டம் கலைந்ததும் ஆந்த்ரே வேனில் ஏறப்போன இடத்தில் மறித்து நின்றேன். என் லாத்தாவுக்கு இன்னும் பாதி சிகிச்சை மிச்சம் இருக்கிறது, புது மருந்து உங்கள் அனுமதியில் வந்தது, மாநகராட்சி மருத்துவமனையில் அது கிடையாது, சிகிச்சை முடியும்வரைக்கு வேண்டிய மருந்தையாவது விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"இது மருத்துவ முடிவு இல்லை, ஃபரீதா. இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே உள்ள விஷயம். வெளியுறவு. உனக்குப் புரியாது. நீ நல்ல டாக்டராகப் படி."

வேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அனுமதி திட்டத்தின் பெயரில் இருந்தது, திட்டம் இல்லாததால் அனுமதியும் இல்லை என்றார்கள். எந்தத் துறையில் போய்க் கேட்டாலும் "உத்யா யா" என்றார்கள், நாளைக்கு வாருங்கள் என்று. வாப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு அலைந்தார். லாத்தாவின் கன்னம் மறுபடி ஒட்டிப்போனது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் அவளைக் கபருஸ்தானுக்குக் கொண்டுபோனோம்.

3

உனக்குப் புரியாது என்று சொன்னாரே, அதைத்தான் படிக்க வந்தேன்.

டாக்டரான பிறகு கொஞ்ச காலம் கோவண்டியிலேயே வேலை பார்த்தேன். பிறகு உதவித்தொகை கிடைத்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் தூதர் ஆக வேண்டும், ஐக்கிய நாடுகள் சபையில் பேச வேண்டும் என்று வந்தவர்கள். நான் ஒருத்திதான் டாக்டர். பிரெஞ்சு அப்போது அரைகுறை. மூன்றாவது நாள் பேராசிரியரிடம் "வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்ல நினைத்து, கர்ப்பமாக இருக்கிறேன் என்று பொருள்படும்படி சொல்லி, வகுப்பு முழுவதும் என்னை வாழ்த்தியது.

ஆனால் பாடம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நாடுகள் ஒன்றோடொன்று போடும் ஒப்பந்தங்களில் சேருவதற்கு எத்தனை ஷரத்து இருக்கிறதோ, விலகுவதற்கும் அத்தனை கவனமாக ஷரத்து எழுதியிருப்பார்கள். ஒரு சுகாதாரத் திட்டம் ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போது யார் யாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். அரசாங்கத்துக்கு, நன்கொடை தருகிற நாட்டுக்கு, கட்டட உரிமையாளருக்கு. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவருக்கு என்ன என்று ஒரு வரியும் இருக்காது. எந்தக் கெட்டவனும் திட்டமிட்டு அதை நீக்கவில்லை. எழுதுகிற மேசையில் ஜமீலாவைப் போன்ற யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். அந்த மேசையில் போய் உட்கார வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். "செய்யலாம்" என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், "செய்ய வேண்டும்" என்று எழுதினால்தான் செய்வார்கள் என்பதையும் அங்கேதான் கற்றேன். மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் ஒரு மாநாட்டில் ஆந்த்ரே பேசினார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். கோவண்டித் திட்டத்தின் பலன்களை ஒரு வட்டப் படமாகத் திரையில் காட்டினார். குணமானவர்கள் பச்சை. இறந்தவர்கள் சிவப்பு. ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. "இவர்கள் எங்கள் தொடர்பிலிருந்து விலகிப்போனவர்கள்" என்றார்.

விலகிப்போனவர்கள். வேனில் ஏறியது யார், மறித்து நின்றது யார்?

கைதட்டல் கேட்டது. எழுந்து கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அவருக்கு ஒரு நாள் சங்கடம், மறுநாள் மறந்திருப்பார். எனக்கு ஒரு நாள் போதாது. பேசாமல் வெளியே வந்து, என் மகள் நூராவைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

4

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், பல நாடுகளில் நடக்கும் சிகிச்சைத் திட்டங்களுக்கு ஒப்பந்தம் எழுதுகிறோம். மருத்துவமும் வெளியுறவும் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் சீக்கிரமே மேலே வந்துவிட்டேன். மும்பையின் கிழக்குப் புறநகரில், கோவண்டியை மையமாக வைத்து, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மறுபடி ஒரு திட்டம் தொடங்கியபோது ஒப்பந்தம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தலைமை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தேன்.

விண்ணப்பித்தவர்களில் ஆந்த்ரே இருந்தார்.

தலை முழுவதும் நரைத்திருந்தது. ஓய்வு பெற்றுவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. "மும்பைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே என் வேலை ஒன்று பாதியில் நிற்கிறது" என்றார். வேலை பாதியில் நிற்கிறதாம்.

நியாயப்படி நான் குழுவிலிருந்து விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அவரை நிராகரித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. நிராகரித்தால் அவர் ஏரிக்கரை வீட்டில் திராட்சைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருப்பார். என் ஓட்டை அவருக்குத்தான் போட்டேன். பிறகு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தேன். சிகிச்சையில் சேர்ந்த கடைசி நோயாளி குணமாகும்வரை மருந்தும் பணமும் நிறுத்தப்படக் கூடாது. இது திட்டத்துக்கு. அதே நாள்வரை தலைமை மருத்துவர் பதவியிலிருந்து விலகக் கூடாது, இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது. இது அவருக்கு.

வாசித்துவிட்டுச் சிரித்தார். "ரொம்பக் கண்டிப்பு. நான் அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் உண்டா?"

"இது மருத்துவ முடிவு இல்லை, டாக்டர்" என்றேன்.

அப்போதும் நினைவு வரவில்லை. கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவரைக் காப்பி குடிக்க அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"உங்கள் பழைய கிளினிக்கில் ஜமீலா என்று ஒருத்தி இருந்தாள். ஊசியால் காது போனவள்."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "காது போனவர்கள் பலர் இருந்தார்கள். மன்னியுங்கள், நினைவில்லை."

"என் லாத்தா. கூடப் பிறந்த அக்கா. நீங்கள் போன அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். உங்கள் படத்தில் சாம்பல் நிறத் துண்டில் இருக்கிறாள். வேனுக்கு முன்னால் நின்றது நான்."

கோப்பையைக் கீழே வைத்தார்.  "இதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாயா?"

"இதற்காகவும்தான். நீங்கள் நல்ல டாக்டர்."

"அந்த ஷரத்து?"

"உங்களுக்காகவே எழுதியது."

"இன்னும் வேலையில் சேரவில்லை. நான் மறுத்துவிடலாம்."

"மறுக்கலாம். ஏன் மறுத்தீர்கள் என்று கேட்பார்கள். நான் சொல்வேன்."

அவர் மறுக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கோவண்டிக்குப் பக்கத்தில் செம்பூரில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறினார். நான் அவருடைய ஊரில் டிராம் ஏறி வேலைக்குப் போகிறேன். அவர் என் ஊரில் செம்பூர் ஸ்டேஷனில் பிதுங்கிக்கொண்டு லோக்கல் ரயில் ஏறுகிறார். மனைவி கூட வரவில்லை. முதல் மழையில் ஃப்ளாட் சுவர் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. வீடு மாற்றித் தர முடியுமா என்று கேட்டு எழுதினார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்று அன்றே பதில் எழுதினேன். அப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் தாமதிப்பதே இல்லை.

5

உம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஏளா ஃபரீதா, அந்த வெள்ளக்கார டாக்டரு திரும்ப கோவண்டிக்கு வந்துருக்காராமே. நெசமா?"

"நெசந்தான் உம்மா. நாந்தான் அனுப்புனேன்."

 பின்னால் ஓடிக்கொண்டிருந்த பட்டறை மிஷினை நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்கு?"

"இந்தத் தடவ பாதியில போக முடியாது அவரால. கடைசி ஆளு சொகமாவுற வரைக்கும் கெடக்கணும்."

"சரி" என்றாள் உம்மா. "நான் போயி பாத்துட்டு வாரேன்."

"சண்டை போடாதீங்க உம்மா."

"நான் என்னத்துக்குச் சண்ட போடுதேன்?"

சயானில் ஏறி, குர்லாவில் மாறி, ஹார்பர் லைனில் கோவண்டி போய் இறங்கியிருக்கிறாள். மற்றதைச் செவிலி சுகந்தி சொன்னாள். சுகந்தி செம்பூர்த் தமிழ்ப்பெண், இப்போது அந்தக் கிளினிக்கில் ஆந்த்ரேவுக்கு மொழிபெயர்க்கிறவள். உம்மா நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். டோக்கன் கேட்டதற்கு, "நான் மருந்துக்கு வரல. டாக்டருட்ட ஒண்ணு கேக்கணும்" என்றிருக்கிறாள். முறை வந்ததும் உள்ளே போய் நாற்காலியில் உட்காராமல் நின்றிருக்கிறாள்.

"நான் ஜமீலாக்க உம்மா. நீரு எப்பப் போறீரு?"

சுகந்தி மொழிபெயர்த்தாள். ஆந்த்ரே எழுந்து நின்றுவிட்டாராம். "கடைசி நோயாளி குணமாகும்வரை போக மாட்டேன் என்று சொல்லுங்கள்."

"அன்னைக்கும் இப்படித்தான் நல்லாப் பேசுனாரு" என்றாளாம் உம்மா. "அடுத்த மாசம் வந்து கேக்குதேன்."

கேட்டாள். ஒவ்வொரு மாதமும் போனாள். ஒரே கேள்வி. பதிலைக் கேட்டதும் வாசலில் ஒரு சாய் குடித்துவிட்டு லோக்கல் பிடித்து வந்துவிடுவாள். உம்மா வருகிற நாளில் ஆந்த்ரே காலையிலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்க்கிறார் என்று சுகந்தி சொன்னாள். "பாவமா இருக்கு மேடம்" என்றாள். எனக்குப் பாவமாக இல்லை. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஒரு முறை உம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. நூரா பக்கத்தில் இருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், வாசிக்க வராது. பேச்சு முடிந்ததும் கேட்டாள்: "உம்மா, நீங்க அந்த ஆளைப் பலி வாங்குறீங்களா?"

"பழி" என்று திருத்தினேன். ழகரம் அவள் நாக்கில் நிற்பதில்லை. தாராவியில் எங்களுக்கே சரியாக நின்றதில்லை.

"என்ன வித்தியாசம்?"

"பலி வாங்கினால் அந்த ஆள் செத்துப்போவார். பழி வாங்கினால் உயிரோடு இருப்பார்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ இதுதான் மோசம்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் தன் பெரியம்மாவைப் பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் லாத்தாவின் முகம் பாதி துப்பட்டாவில் மறைந்திருக்கிறது. அவளிடம் எதை எந்த மொழியில் சொல்ல? இந்தக் குறிப்பையும் அவளால் படிக்க முடியாது. வருத்தமாகவும் இருக்கிறது, வசதியாகவும் இருக்கிறது.

6

திட்டம் நன்றாக நடந்தது. மருந்துகள் இப்போது மேலானவை, காதைப் பறிப்பதில்லை, காலமும் குறைந்துவிட்டது. புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திய பிறகு ஒவ்வொருவராகக் குணமாகிக் கிளம்பினார்கள். அப்படிக் கிளம்புகிறவர்களின் பெயரை ஆந்த்ரே எனக்கு எழுதி அனுப்புவார். நான் கேட்கவில்லை. அவராகவே அனுப்பினார். படித்துவிட்டுப் பதில் போடாமல் விட்டேன்.

நேற்று முன்தினம் காலை போன் செய்தார்.

"ஒரே ஒருவர்தான் மிச்சம், ஃபரீதா. முத்துலட்சுமி. அவள் கணவருக்கு இங்கே வேலை போய்விட்டது. குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்விட்டாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். கையில் இருக்கும் மருந்து இந்த மாதக் கடைசிவரைதான் வரும்."

"சரி."

"அங்கே இருக்கும் அரசு மருத்துவமனையில் பேசிவிட்டேன். அதே மருந்து அங்கேயும் இருக்கிறது. ஒப்படைத்துவிடலாம். என் மகளுக்கு இந்த வாரம் குழந்தை பிறக்கப் போகிறது. மனைவி தினமும் அழைத்து அழுகிறாள்."

அவர் சொன்னது மருத்துவப்படி முழுக்கச் சரி. அந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்று எனக்கும் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் அரை மணி நேரத்தில் அனுமதித்திருப்பேன்.

"நீங்கள் மருந்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போங்கள்" என்றேன். "முடியும்வரை பக்கத்து ஊரில் அறை எடுத்துத் தங்குங்கள்."

"இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது, ஃபரீதா."

"தெரியும்."

"எனக்கு எழுபது வயதாகப் போகிறது."

"தாதரில் நாகர்கோவில் வண்டி பிடித்தால் மறுநாள் ராத்திரி கழித்துத் திருநெல்வேலி. அங்கிருந்து பஸ் இருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள்." மதுரைக்கு விமானம் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

 "சரி" என்றார்.

நேற்று ராத்திரி அவரை வண்டி ஏற்றிவிட்டதாகச் சுகந்தி செய்தி அனுப்பியிருந்தாள். இன்று காலை இங்கே நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, அங்கே மதியம், அவரே அழைத்தார். வண்டிச் சத்தத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்டது. குண்டக்கல் தாண்டிவிட்டதாம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது, போனில் படம் பார்த்தேன் என்றார். வாழ்த்துகள் என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"ஒன்று கேட்கலாமா? என்னை இன்னும் அவ்வளவு வெறுக்கிறாயா?"

"ஆமாம்" என்றேன். "எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஜன்னல் ஓரம். வலது பக்கம்."

"மருந்துப் பெட்டியை அங்கே வைக்காதீர்கள். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும்."

 பெட்டியை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.